நம் ஆலையில் வெந்நீர்

செவ்வாய்க்கிழமை காலை ஏழரை மணிக்கு எங்கள் கம்பெனியின் வடிகட்டிப் பை கிழிந்து ஆறு தெருக்கள் நீலமாயின.

கம்பெனி சலவைத் தூள் செய்கிறது. துணி இன்னும் வெள்ளையாகத் தெரிவதற்காகத் தூளில் கொஞ்சம் நீலம் கலப்பார்கள். கலக்கும் இடத்தில் கிளம்பும் தூசியை ஒரு பெரிய குழாய் உறிஞ்சும். குழாயின் முனையில் ஆள் உயரத்துக்குத் துணிப்பை ஒன்று தொங்கும். தூசி பையில் தங்கிவிடும், காற்று மட்டும் வெளியே போகும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பையை மாற்ற வேண்டும் என்று மெஷினோடு வந்த புத்தகத்தில் போட்டிருக்கிறது. முதலாளி அதைப் படித்துவிட்டு, "கிழியாத பையை எதுக்கு மாத்தணும்?" என்று கேட்டார். பை அங்கேயே தொங்கியது. பதினான்காவது மாதம் பை கிழிந்தது.

சுவர், ஜன்னல், சைக்கிள் சீட், பூனை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் நீலம். உடம்புக்கு ஒன்றும் ஆகாது, இரண்டு நாள் மூக்குச் சிந்தினால் நீலமாக வரும், பயப்பட வேண்டாம் என்று டாக்டர் சொன்னார். முதலாளி மாடி ஜன்னலில் நின்று பார்த்தார்.

"காசு குடுத்து வாங்கற நீலம். இலவசமா போட்டுக் குடுத்திருக்கோம்" என்றார்.

ஜோக் இல்லை. அவர் ஜோக் அடித்து நான் பார்த்ததில்லை.

என்னைக் கம்பெனியில் 'ஒற்று' என்று கூப்பிடுவார்கள். கல்லூரியில் தமிழ் இலக்கியத்தை இரண்டாம் வருடத்தோடு விட்டுவிட்டு, பேக்கிங்கில் ஐந்து வருடம் நைட் ஷிஃப்ட் பார்த்தேன். அட்டைப்பெட்டிகளில் 'வெளுத்து கட்டும்' என்று அச்சாகி வந்துகொண்டிருந்தது. 'வெளுத்துக் கட்டும்' என்று இருக்க வேண்டும், ஒரு 'க்' விட்டுப்போயிருக்கிறது என்று சூப்பர்வைசரிடம் சொன்னேன். அவர் அதை மேலே போய்ச் சிரிப்புக்காகச் சொல்லியிருக்கிறார். முதலாளி சிரிக்கவில்லை. ஒரு 'க்' சேர்த்தால் செலவு கூடுமா என்று கேட்டார். கூடாது என்றதும் சேர்க்கச் சொன்னார். என்னைப் பகலுக்கு மாற்றி, பிழை பார்க்க ஒரு மேஜை கொடுத்தார். சம்பளம் அதேதான். "வெளிச்சத்துல உக்காந்து வேலை பாக்கறே இல்ல?" என்றார்.

நீலமான ஆறு தெருக்களில் மூன்றாவதில் என் அக்கா இருக்கிறாள். டெய்லர். இரண்டு மெஷின் வைத்திருக்கிறாள். அரசு ஆஸ்பத்திரியின் நர்ஸ்களுக்கு நூற்று நாற்பது வெள்ளை யூனிஃபார்ம் தைக்கும் ஆர்டர் அவளிடம் இருந்தது. துணி ஆஸ்பத்திரி கொடுத்தது. தைத்து, துவைத்து, கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டுக் கொடுக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்குத்தான் அத்தனையையும் மொட்டை மாடியில் ஈரத்தோடு காயப் போட்டிருந்தாள்.

மூன்று தடவை அலசினாள். நீலம், வெளிர்நீலமாக மாறி அங்கேயே நின்றுவிட்டது. மறுநாள் காலையில் ஒன்றை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரி ஸ்டோர்கீப்பரிடம் போனாள். நானும் கூடப் போனேன். அவர் யூனிஃபார்மை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"வெளிர்நீலம் வார்டு ஆயாங்களுக்கும்மா. எனக்கு ஆயா பன்னெண்டு பேர்தான். மிச்சம் நூத்தி இருபத்தெட்டை நான் யாருக்கு மாட்டறது?"

"தெருவே நீலமா இருக்கு சார். வந்து பாருங்க. ஃபேக்டரி தூசி."

"பாத்தேன். நானும் அந்த வழியாத்தான் வந்தேன். கண்ணால பாத்ததை ஃபைல்ல வைக்க முடியாதே."

விதியை எடுத்துச் சொன்னார். துணியைத் தைப்பவர் கெடுத்திருந்தால், துணிக்கு அவரே பொறுப்பு, ஆர்டரும் வேறு ஆளுக்குப் போய்விடும். வெளியார் கெடுத்திருந்தால், கெடுத்தவர் எழுத்தில் ஒத்துக்கொள்ள வேண்டும். அப்படியானால் புதுத் துணியும் பன்னிரண்டு நாள் அவகாசமும் கிடைக்கும். சனிக்கிழமை மதியத்துக்குள் எழுத்து வந்து சேர வேண்டும்.

வெளியே வந்ததும் அக்கா என் சட்டையைப் பிடித்தாள். "டேய், உங்க கம்பெனிதான் பண்ணுச்சுன்னு ஒரு வரி. ஒரே ஒரு வரி எழுத்துல வாங்கிக் குடு. இல்லன்னா ஒரு மெஷினை வித்துத்தான் அந்தத் துணியை வாங்கி வைக்கணும். அப்புறம் ஒத்த மெஷின வெச்சுக்கிட்டு நான் கிழிஞ்சதுக்கு ஒட்டுப் போடணும்."

"பாக்கறேன்."

"பாக்காத. வாங்கு."

அன்று பதினொரு மணிக்கு முதலாளி கூப்பிட்டார். அவர் மேஜையின் கண்ணாடிக்குக் கீழே கம்பெனி இதுவரை போட்ட எல்லாப் பாக்கெட் உறைகளும் வரிசையாக இருக்கும். மேஜைக்கு மேலே ஒன்றும் இருக்காது. சோபாவில் வக்கீல் இருந்தார்.

"ஒற்று, உக்காரு. மன்னிப்புக் கேக்கணும்."

"யார்கிட்ட சார்?"

"ஜனங்ககிட்ட. நாளைக்குப் பேப்பர்ல வரணும். ஆனா தப்புப் பண்ண மாதிரி இருக்கக் கூடாது."

"வருத்தம் இருக்கலாம். தப்பு இருக்கக் கூடாது" என்றார் வக்கீல்.

எனக்கு வேலை சுலபமாகத் தெரிந்தது. 'செவ்வாய்க்கிழமை காலை எங்கள் ஆலையிலிருந்து நீலத் தூசி வெளியேறிச் சுற்றுப்புறத் தெருக்களில் படிந்ததற்கு நாங்கள் வருந்துகிறோம்' என்று முதல் வாக்கியத்தை எழுதி நீட்டினேன். தப்பு என்ற சொல் இல்லை. அக்காவுக்கு வேண்டிய வரி இருக்கிறது.

முதலாளி பென்சிலை எடுத்தார். "இந்த 'நாங்கள்' எதுக்கு? 'நாம்'னு போடு. ரெண்டு எழுத்து மிச்சம்."

"அர்த்தம் மாறும் சார். 'நாங்கள்'னா பேசறவங்க மட்டும். 'நாம்'னா கேக்கறவங்களும் சேர்ந்து. உளப்பாட்டுத் தன்மைப் பன்மைன்னு பேரு."

"என்ன பாட்டு?"

"உளப்பாடு சார். எதிர்ல இருக்கறவங்களையும் உள்ள சேத்துக்கறது."

முதலாளி பென்சிலைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். "இவ்வளவு நல்ல விஷயத்தை இத்தனை நாளா ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கல சார்."

"யோசிச்சுப் பாரு. ஃபேக்டரி ஏன் ஓடுது? ஜனங்க தூள் வாங்கறதால ஓடுது. அவங்க வாங்கலன்னா நான் நீலம் கலப்பேனா? கலக்கலன்னா பை எதுக்கு? பையே இல்லன்னா அது எப்படிக் கிழியும்? அப்ப கிழிச்சது யாரு?"

"அவங்களா சார்?"

"அவங்க மட்டும்னு நான் சொல்லல. நாம எல்லாரும்."

அவர் இதை மனதாரச் சொன்னார். அது எனக்குத் தெரியும், ஏனென்றால் அவர் எப்போதும் அப்படித்தான் பேசுவார். போன ஆண்டு விழாவில் மேடையில் நின்று, "இந்த வருஷம் நாங்க ரெண்டு புது யூனிட் ஆரம்பிச்சோம். அடுத்த வருஷம் நாம கொஞ்சம் வயித்தைக் கட்டிக்கணும்" என்றார். கூட்டத்தில் எல்லோரும் கை தட்டினார்கள். அந்த இரண்டு வாக்கியங்களுக்கு நடுவில் என்ன நடந்தது என்று தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன். நானும் கை தட்டினேன்.

"பிரமாதம் சார்" என்றார் வக்கீல். "தலையங்கத்துல எல்லாம் 'நாம்'னுதான் போடறாங்க. கௌரவமா இருக்கும். 'நாம்'ங்கற ஆள் மேல எவனும் கேஸ் போட முடியாது."

அடித்துத் திருத்தினேன். 'எங்கள் ஆலையிலிருந்து நீலத் தூசி வெளியேறிச் சுற்றுப்புறத் தெருக்களில் படிந்ததற்கு நாம் வருந்துகிறோம்.' அக்காவின் வரிக்கு ஒன்றும் ஆகவில்லை. எங்கள் ஆலை. ஸ்டோர்கீப்பர் ஃபைலில் வைத்துக்கொள்ள அது போதும். நான் எழுந்து போயிருக்க வேண்டும்.

"வேற ஏதாவது இருக்கா?" என்றார் முதலாளி.

"ஒரு பிழை இருக்கு சார். ஒரே வாக்கியத்துல 'எங்கள் ஆலை', 'நாம் வருந்துகிறோம்' ரெண்டும் வரக் கூடாது. ஒண்ணு வெளிய நிறுத்துது, இன்னொண்ணு உள்ள கூப்பிடுது."

"அப்ப?"

"'நம் ஆலை'ன்னு வரணும்."

"மாத்து. படிச்சவங்க பாப்பாங்க, பிழை இருக்கக் கூடாது" என்றார். தன் பெயர் கீழே வர வேண்டும் என்றார். கையெழுத்தையும் படமாகப் போடச் சொன்னார்.

மேஜைக்குத் திரும்பி வந்து உட்கார்ந்த பிறகுதான் நான் செய்தது எனக்கு உறைத்தது.

வியாழக்கிழமை காலையில் பேப்பர் வந்தது. அக்கா நின்றுகொண்டே படித்தாள்.

"நம் ஆலையிலிருந்து... நாம் வருந்துகிறோம். இதுல நானும் சேந்தாடா மன்னிப்புக் கேக்கறேன்?"

"ஆமா."

"யார்கிட்ட?"

"உன்கிட்ட."

நடந்ததைச் சொன்னேன்.

"அவரு 'எங்கள் ஆலை'ய விட்டுட்டாருல்ல? வாய மூடிட்டு வந்திருக்கலாமில்ல?"

"பிழையா இருந்துதுக்கா."

"பிழை! உன்னைப் பெத்ததுதான் பிழை. படிச்சும் முடிக்கல, படிச்சதை மறக்கவும் இல்ல."

இருந்தாலும் பேப்பரை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஸ்டோர்கீப்பர் இரண்டு முறை படித்தார். "'நம்'னா இதுல நீங்க இருக்கீங்க, நான்கூட இருக்கேன். ஆஸ்பத்திரியே இருக்கு. நம்ம துணியை நாமே கெடுத்துக்கிட்டோம்னு ஃபைல் போட்டா என்னைத்தான் கேப்பாங்க" என்று சொல்லி மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

பத்தரை மணிக்கு அவள் எனக்குப் போன் செய்தாள். அழுத குரலாக இல்லை.

"டேய், நம்ம ஆலைல வெந்நீர் இருக்கா?"

"பாய்லர் ரெண்டு இருக்கு. எதுக்கு?"

"கொதிக்கற தண்ணில ஊறப் போட்டா மிச்ச நீலமும் போகும்ங்கறாங்க. என் அடுப்புல நூத்தி நாப்பதை எப்ப ஊறப் போடறது? பேப்பர்ல 'நம் ஆலை'ன்னு போட்டிருக்கில்ல. வர்றேன்."

நான் தடுக்கவில்லை. தடுக்கச் சொல்லி எந்த இலக்கண விதியும் இல்லை.

பதினொன்றேகாலுக்கு வந்தாள். ஒரு தள்ளுவண்டி நிறைய யூனிஃபார்ம். அவளுக்குப் பின்னால் தெருக்காரர்கள் முப்பது நாற்பது பேர், வாளியும் துணி மூட்டையுமாக. வாட்ச்மேன் கேட்டைத் திறக்கவில்லை. அக்கா கம்பிக்கு நடுவில் பேப்பரை நீட்டினாள். அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு கடைசி வரை படித்தார். முதலாளியின் கையெழுத்தைத் தன் அடையாள அட்டையில் இருந்த கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார். இரண்டும் ஒன்றுதான். கேட்டைத் திறந்தார்.

அரை மணி நேரத்தில் இருநூறு பேர் ஆகிவிட்டார்கள். பாய்லருக்குப் பக்கத்தில் வெந்நீர்க் குழாய் நான்கு உண்டு. நான்கிலும் வரிசை. லாரிக்கும் விளக்குக் கம்பத்துக்கும் நடுவில் கொடி கட்டியாகிவிட்டது. சரக்கு இறக்கும்போது கிழிந்த மூட்டையிலிருந்து யாரோ தூள் அள்ளினார்கள். வேலையாள் ஒருவன், "ஏங்க, அது கம்பெனித் தூள்" என்றான். "நம்ம தூள்தானே, கொஞ்சம் தள்ளு" என்றாள் அந்த அம்மா. கேண்டீனில் டீ தீர்ந்துபோனது. துவைக்கத் துணி எதுவும் கொண்டுவராத ரெண்டு பேர், வந்தது வந்தோம் என்று சும்மா சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் முதலாளியின் காரைத் துடைத்துவிட்டுப் போனார்.

முதலாளி இறங்கி வந்தார். வக்கீல் பின்னால் வந்தார். நானும் போனேன்.

அவர் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு ஆச்சரியம். குழாயைப் பார்த்தார், கொடியைப் பார்த்தார். "வெந்நீர் எப்படியும் சாக்கடைக்குத்தான் போகுது" என்றார். தூள் அள்ளும் அம்மாவைப் பார்த்து, "நல்லா வெளுக்குதா?" என்று கேட்டார். "போட்டோகிராபரைக் கூப்பிடு. இதை விளம்பரத்துல போடலாம்" என்று என்னிடம் சொன்னார். பேப்பரில் இருந்து வந்த நிருபரைப் பார்த்துக் கையசைத்தார்.

அப்போது தபால் ஆபீசில் வேலை பார்த்து ரிட்டயர் ஆன ஒரு பெரியவர் முன்னால் வந்தார். காதோரம் இன்னும் நீலமாக இருந்தது. அவரிடம் துணி இல்லை, ஒரு சிறிய டைரி இருந்தது.

"வணக்கம் சார். ஒரு சின்னச் சந்தேகம். போன வருஷம் நமக்கு லாபம் எவ்வளவு?"

"யாருக்கு?" என்றார் முதலாளி.

"நமக்கு."

முதலாளியின் முகத்தில் முதலில் ஒன்றும் மாறவில்லை. பிறகு கழுத்திலிருந்து மேலே சிவந்துகொண்டே போனது.

"நமக்கா? என்னய்யா நமக்கு? எங்க அப்பா வாங்கின இடம் இது. எங்க அப்பா வெச்ச கல்லு. எங்க பணம், எங்க பாய்லர், எங்க ஃபேக்டரி!"

வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வக்கீல் அவர் சட்டைக் கையைத் தொட்டார். தொட்டது அவருக்குத் தெரியவில்லை.

அக்கா கை ஈரத்தைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தாள். "அப்ப பேப்பர்ல தப்பாப் போட்டுட்டாங்களா சார்?"

"தப்புத்தான்!"

"உங்க ஃபேக்டரின்னு சரியாப் போட்டிருந்தா நாங்க ஏன் சார் வரப்போறோம்? திருத்திப் போட்டுடுங்க. நாங்க போயிடறோம்."

"நாளைக்கே போடறேன். எல்லாரும் வெளிய போங்க."

போனார்கள். பிழியாத துணி போன வழியெல்லாம் நீலக் கோடாக இருந்தது. அக்காவின் யூனிஃபார்ம்களில் நீலம் இன்னும் கொஞ்சம் குறைந்திருந்தது, போகவில்லை.

மாடியில் வக்கீல் ஒரு மணி நேரம் வாதாடினார்.

"சார், 'எங்கள் ஆலையிலிருந்து'ன்னு போட்டா நாமே ஒத்துக்கிட்ட மாதிரி. ஆளாளுக்கு வந்து நிப்பாங்க. 'ஆலை'ன்னு மட்டும் போடுவோம். யாருதுன்னே வேண்டாம்."

முதலாளி என்னைப் பார்த்தார். "அப்படிப் போடலாமா?"

இந்த முறை நான் யோசித்துத்தான் பேசினேன். "போடலாம் சார், பிழை இல்ல. ஆனா யாருதுன்னு சொல்லலன்னா இன்னைக்குப் பேப்பர்ல வந்த 'நம்' அப்படியே நிக்கும். மறுத்தாதான் போகும்."

"அந்தத் தபால்காரர் திரும்ப வருவாரா?"

"டைரியோடதான் போயிருக்கார் சார்."

முதலாளி எழுந்து ஜன்னலுக்குப் போனார். திரும்பி வந்தார். "வக்கீல் சார், நஷ்ட ஈடு குடுத்தா எவ்வளவு போகும்?"

வக்கீல் ஒரு தொகை சொன்னார். சின்னத் தொகை இல்லை.

"அது போனா சம்பாதிச்சுக்கலாம்" என்றார் முதலாளி. "இது போனா? ஒற்று, 'எங்கள்'னு போடு. எங்கெல்லாம் போட முடியுமோ அங்கெல்லாம் போடு."

போட்டேன். 'நேற்றைய அறிவிப்பில் "நம் ஆலை" என்று இருந்ததை "எங்கள் ஆலை" என்று திருத்தி வாசிக்கவும். எங்கள் ஆலையில் எங்களுக்குச் சொந்தமான வடிகட்டிப் பை, எங்கள் கவனக்குறைவால் உரிய காலத்தில் மாற்றப்படாமல் கிழிந்து, எங்கள் நீலத் தூசி வெளியேறியது. இதில் பொதுமக்களுக்கு எவ்விதப் பங்கும் இல்லை.' வக்கீல் 'கவனக்குறைவு' என்ற சொல்லில் விரலை வைத்து அழுத்தினார். முதலாளி பென்சிலால் 'எங்கள்'களை எண்ணிக்கொண்டிருந்தார். எண்ணி முடித்துவிட்டு, பொதுமக்களுக்குப் பங்கு இல்லை என்ற வரிக்கு அடியில் இரண்டு கோடு போட்டு, அதை மட்டும் தடித்த எழுத்தில் போடச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை அது வந்தது. அடுத்த வாரம் ஆறு தெருக்காரர்களும் பேப்பரைக் கத்தரித்துக்கொண்டு கேட்டுக்கு வந்தார்கள். வக்கீல் வீட்டுக்கு இவ்வளவு என்று பேசி முடித்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தார். அதோடு ஆளுக்கு ரெண்டு பாக்கெட் தூளும் கொடுக்கச் சொன்னது முதலாளி. அந்த மாதம் எங்கள் பகுதியில் விற்பனை ஐந்தில் ஒரு பங்கு கூடியது. ஆறு தெருக்காரர்கள் துவைத்துக்கொண்டே இருந்தார்கள். முதலாளி கணக்கைப் பார்த்துவிட்டு, "ஜனங்க நல்லவங்க. யாராவது தூண்டி விட்டாத்தான் கெட்டுப்போறாங்க" என்றார். வடிகட்டிப் பையை மாற்றியாகிவிட்டது. அடுத்தது எப்போது என்று யாரும் கேட்கவில்லை.

ஆனால் அக்காவுக்கு அடுத்த வாரம் வரை நேரம் இல்லை. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஸ்டோர்கீப்பர் முன்னால் பேப்பரை வைத்தாள். நான் பக்கத்தில் நின்றேன். அவர் விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். தடித்த வரியில் விரல் நின்றது.

"பொதுமக்களுக்கு எவ்விதப் பங்கும் இல்லை. இதுல நீங்க பொதுமக்களா?"

"ஆமா சார்."

"ஃபைல்ல உங்களை டெய்லர்னு எழுதியிருக்கே."

"டெய்லரும் பொதுமக்கள்தான் சார்."

அவர் என்னைப் பார்த்தார். நான் அந்தக் கம்பெனியில் வேலை பார்க்கிறேன் என்று அவருக்குத் தெரியாது. "இலக்கணப்படி சரிதான் சார்" என்றேன். அக்கா என் காலை மிதித்தாள்.

பேப்பரை வெட்டி ஒட்டி, சீல் வைத்து, ஃபைலில் கட்டினார். பழைய நூற்று நாற்பதில் பன்னிரண்டை ஆயாக்களுக்கு எடுத்துக்கொண்டார். புதுத் துணிக்குச் சீட்டு எழுதினார். அக்கா பதினான்கு நாள் கேட்டாள். பன்னிரண்டு என்றார். பதிமூன்று கேட்டாள். பன்னிரண்டு என்றார்.

துணி இரண்டு பெரிய மூட்டை இருந்தது. பஸ்ஸில் ஏற்றினோம். மூட்டைக்கும் டிக்கெட் வாங்க வேண்டும் என்றார் கண்டக்டர். அக்கா சண்டை போடாமல் வாங்கினாள். அப்புறம் மூட்டை மேலேயே உட்கார்ந்துகொண்டு, ஒரு நாளைக்கு எத்தனை தைக்க வேண்டும் என்று விரல் விட்டு எண்ண ஆரம்பித்தாள்.

"பட்டன் தைக்க வருவியா?"

"வர்றேன்."

"பேசாம தைக்கணும்."